தானியத்தை நிறுத்துங்கள், சருகை விட்டுவையுங்கள்

கேள்வி: கோவையில் சொந்த வீடு. பின்பக்கம் ஒன்றரை சென்ட் தோட்டம். மாமரம், கறிவேப்பிலை, செம்பருத்தி, அவரைப் பந்தல் இருக்கின்றன. மார்கழிக் காலையில் காபியோடு உட்கார்ந்து பறவை பார்க்க ஆசை. தினமும் கம்பும் அரிசியும் போடுகிறேன், எவர்சில்வர் வாளியில் தண்ணீர் வைக்கிறேன். வருவதெல்லாம் புறாதான். வலசைப் பறவைகள் வர என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தானியத்தை நிறுத்துங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் விருந்தாளிகள் அதைத் தொடுவதில்லை. வடக்கே குளிர் ஏறும்போது புழுபூச்சி குறைந்துபோகிறது. அதைத் தேடித்தான் இவை இங்கே வருகின்றன. நம் ஊர்க் குளிர் மிதமானது, வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் மண்ணில் மிச்சமிருக்கும், பூச்சிக்குக் குறைவில்லை. சிந்திய தானியம் புறாவை இழுக்கும், இரவில் எலியை இழுக்கும். போடுவதை நிறுத்தினால் புறாக் கூட்டம் தானாகவே குறையும்.

மாமரத்தடியில் நாலுக்கு ஆறடி இடத்தைப் பெருக்காமல் விட்டுவிடுங்கள். சருகு மூன்று, நான்கு அங்குலம் சேரட்டும். வாரம் இருமுறை கையால் தண்ணீர் தெளித்தால் அடிச்சருகு மக்கி, மண்புழுவும் வண்டுப்புழுவும் பெருகும். வலசை வரும் ஆறுமணிக்குருவி வந்தால் அங்கேதான் இறங்கும். பச்சை முதுகும் அடிவயிற்றில் சிவப்புமாக, குட்டை வாலை ஆட்டிக்கொண்டு, சருகை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடும். அசையாமல் இருந்தால் அந்தச் சரசரப்பே காதில் விழும். பாம்பு பயம் நியாயமானதுதான். சருகை வாசற்படிக்கும் சுவருக்கும் ஒட்டிச் சேர்க்காதீர்கள். பக்கத்தில் செங்கல், விறகு அடுக்காதீர்கள். எலிக்கு வளை கிடைத்தால்தான் பாம்பு தேடி வரும்.

வாளி வேண்டவே வேண்டாம். ஆழம் அதிகம், விளிம்பு வழுக்கும், சிறு குருவி விழுந்தால் ஏற முடியாது. 12 முதல் 15 அங்குல அகலமுள்ள மண்தட்டு இரண்டு வாங்குங்கள். உட்புறம் பளபளப்புப் பூச்சு இல்லாததாகப் பாருங்கள், கால் பிடிமானம் அதில்தான் கிடைக்கும். புதுத்தட்டு தண்ணீரை உறிஞ்சும், ஓர் இரவு ஊறவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஓரத்தில் அரை அங்குலம், நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது. நடுவே ஒரு சொரசொரப்பான கல். ஒரு தட்டைத் தரையிலும் மற்றதை மூன்றடி உயரத்திலும் வையுங்கள். புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளியிருக்கட்டும்: ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிப் பாயும், வெட்டவெளியில் வைத்தால் பறவை இறங்கத் தயங்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை சோப்பில்லாமல் தேங்காய் நாரால் தேயுங்கள். தட்டில் ஒட்டியிருக்கும் கொசு முட்டை, வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போகாது.

தேன்சிட்டு தட்டில் குளிப்பதைவிட ஈர இலையில் புரளத்தான் விரும்பும். காலை ஏழு, எட்டு மணிக்குக் கல்வாழை அல்லது வாழை இலைமேல் தண்ணீர் தெளித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தேனுக்கு ஒற்றை அடுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் போதும். சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடாதீர்கள், சீக்கிரம் புளித்துவிடும்.

அவரைக் கொடியில் இப்போது சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்திருக்கும். அதற்காக மருந்து அடித்தால் இத்தனை ஏற்பாடும் வீண். பந்தலுக்குள்ளிருந்து ‘சக்... சக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் நாணல் கதிர்க்குருவி என்ற வலசைப் பறவை. பழுப்பு நிறம், எளிதில் கண்ணில் படாது. அது பிழைப்பதே இப்படிப்பட்ட சிறு பூச்சிகளால்தான். அசுவினி அப்பிய கொழுந்தைக் கிள்ளி எறியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்பில் கரைத்து, மாலையில், பூவில் படாமல், அந்தக் கொடிக்கு மட்டும் தெளியுங்கள்.

கறிவேப்பிலைப் பழத்தைப் பறிக்காமல் விட்டால் சின்னானும் குயிலும் வரும். ஜன்னல் கண்ணாடியில் மரம் பிரதிபலித்தால் வெளிப்புறம் துணி கட்டுங்கள். இல்லாவிட்டால் பறவை மோதிச் செத்துப்போகும். இது சிறு விஷயமில்லை.

நாற்காலியைப் பதினைந்தடி தள்ளி, தினமும் ஒரே இடத்தில் போடுங்கள். விடிகிற நேரமும் மாலை ஆறு மணியையொட்டிய நேரமும்தான் ஆறுமணிக்குருவியின் விசிலுக்கு உரியவை. பெயர் வந்ததே அதனால்தான். பார்த்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம்; பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணி, இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும்.

சருகை அள்ளியே ஆகவேண்டுமானால் சித்திரை பாதி கழிந்தபின் அள்ளுங்கள். அதற்குள் ஆறுமணிக்குருவி வடக்கே கிளம்பியிருக்கும்.