அங்கே யார் ஏழை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா பற்றிய கட்டுரையில் 'முதியவர்களைவிடக் குழந்தைகளிடையே வறுமை அதிகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றி எழுதிவிட்டீர்களோ? அங்கே வயதான பெற்றோரைப் பிள்ளைகள் வைத்துப் பார்ப்பதில்லையே. குழந்தைக்காவது அப்பா அம்மா இருக்கிறார்கள்.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றி எழுதவில்லை. ஆனால் 1959-ல் கேட்டிருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. அன்று அமெரிக்க முதியவர்களில் 35 சதவீதம் பேர் ஏழைகள், குழந்தைகளில் 27. எழுபதுகளின் நடுவில் இது தலைகீழானது. 1995-ல் முதியவர்கள் 10 சதவீதத்துக்குச் சற்று மேலே, குழந்தைகள் 20-க்குச் சற்று மேலே.

பிள்ளைகள் திடீரென்று பெற்றோரைக் கவனிக்க ஆரம்பித்துவிடவில்லை. பெரிய காரணம் 'சோஷியல் செக்யூரிட்டி' என்ற பென்ஷன். அரசு ஊழியர்களுக்கு மட்டுமானதல்ல, வேலை செய்யும் காலத்தில் சம்பளத்திலிருந்து கட்டியவர்களுக்கு முதுமையில் அரசு தருவது. 1940-ல் அதன் முதல் மாதக் காசோலையை வாங்கியவர், வெர்மான்ட்டைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர். தொகை 22 டாலர் 54 சென்ட். அவர் அதுவரை கட்டியிருந்தது மொத்தமே 24.75 டாலர், இரண்டாவது காசோலையிலேயே போட்ட பணம் வந்துவிட்டது. அப்புறம் அம்மையார் நூறு வயது வரை இருந்து 22,888 டாலர் வாங்கினார்! 1975 முதல் விலைவாசி ஏறினால் அந்தப் பென்ஷனும் தானாக ஏறுகிறது, நம் ஊர் அகவிலைப்படி மாதிரி.

குழந்தைகள் பக்கம் வாருங்கள். ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவியை 1996-ல் மாற்றியமைத்தபோது, மாநிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் என்று நிர்ணயித்தார்கள். விலைவாசி ஏறினால் ஏற்றவேண்டும் என்று எழுதிவைக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்தும் ஏறக்குறைய அதே தொகைதான்.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பண்பாடு என்கிறீர்கள். அதில் நம்மோடு போட்டி போடக்கூடிய நாடு தென்கொரியா. பணக்கார நாடுகளில் முதியோர் வறுமை மிக மோசமாக இருப்பதும் அங்கேதான், சுமார் 40 சதவீதம். தேசிய ஓய்வூதியமே 1988-ல்தான் தொடங்கியது. அன்று நடுவயதைத் தாண்டியிருந்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் சேரவில்லை. சியோல் தெருக்களில் கூன் விழுந்த பாட்டிகள் வண்டி தள்ளிக்கொண்டு பழைய அட்டைப்பெட்டி பொறுக்குகிறார்கள்.

சரி, குழந்தைக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள்தான். அந்த அப்பா அம்மா ஏழை என்றால் குழந்தையும் ஏழை. 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை அமெரிக்க அரசு பெரும்பாலான பெற்றோருக்குக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 250 டாலர், ஆறு வயதுக்குள் என்றால் 300, வங்கிக் கணக்கில் போட்டது. அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கின்படி அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதம். திட்டத்தை நீட்டிக்க செனட்டில் ஓட்டு போதவில்லை. அடுத்த ஆண்டு 12.4.