வாசகர் கேள்வி: திண்ணையை இடிக்கலாமா?

கேள்வி: பாட்டனார் கட்டிய சுண்ணாம்புச் சுவர் வீட்டைப் புதுப்பிக்கிறோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் உறவினர்கள் அடிக்கடி எங்களிடம் தங்குவார்கள். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்கிறான் மகன். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: திண்ணையை இடிக்க வேண்டாம். வெயிலில் பேருந்தைவிட்டு இறங்கி வரும் நோயாளி, வாசற்படி ஏறுமுன் சற்றே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கார் தெருவில் நின்றால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. அந்தப் பணத்தைக் குளியலறைக்குச் செலவிடுங்கள். கீழ்த்தளத்திலேயே, விருந்தினர் படுக்கும் அறையை ஒட்டி, சக்கர நாற்காலி நுழையும்படி மூன்றடி அகலக் கதவு, வழுக்காத தரை, உட்கார்ந்து எழும் கழிப்பிடம், அதன் அருகே சுவரில் உறுதியான கைப்பிடி ஆகியவை இருந்தால், அறுவை சிகிச்சை முடிந்து வருபவர் யாரையும் கூப்பிடக் கூச்சப்பட வேண்டியிருக்காது. உயரமான நிலைப்படிகளில் தடுக்கி விழுவோர் பலர் என்பதால், அங்கே சிறு சாய்தளம் அமையுங்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூச மேஸ்திரி வற்புறுத்தலாம், இசையாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்புப் பூச்சு காய நாளாகும் என்பதால், அதுவரை வரும் விருந்தாளிகளுக்கு ஓர் அறையை மட்டும் கை வைக்காமல் விட்டுவையுங்கள்.