அலுவலகத்தின் பழைய கணினிகளை மறுபயன்பாடு செய்தால் செலவு எப்படிக் குறைகிறது?

மறுபயன்பாடு என்பது, வேகம் குறைந்த கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், சிறு மாற்றங்கள் செய்து அதே மேசையிலோ எளிய வேறு வேலைக்கோ தொடர்ந்து வைத்துக்கொள்வதாகும்.

ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய கணினி திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் செயலி (பிராசசர்) அன்று. கோப்புகளைச் சேமித்தபடி உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்கும், போதாத ராம் எனும் தற்காலிக நினைவகமும்தான். ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டின்மேல் ஒரு நுண்ணிய கை இடம் தேடி நகர வேண்டியிருக்கிறது. அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியில் அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆகவே 4 ஜிபி ராமை 8 ஆக்கி ஓர் எஸ்எஸ்டியையும் பொருத்தினால், புதுக் கணினியின் விலையில் ஒரு பகுதிக்கே பில் போடுதல், கடிதம் தட்டச்சு செய்தல் போன்ற வேலைகள் தடையின்றி நடக்கும். ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தை நாம் எறிவதில்லை, ஈயம் பூசி மீண்டும் அடுப்பில் ஏற்றுகிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, பிரவுசரிலேயே முடியும் வேலைகளுக்குக் கொடுப்பதே என் பார்வையில் நல்ல வழி. ஆனால் பேட்டரி உப்பிய மடிக்கணினியை மட்டும் எக்காரணம் கொண்டும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கோப்புகளை நீக்கி ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிட்டால் தகவல் அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஹார்ட் டிஸ்க்கில் அதன் முகவரி மட்டுமே நீங்குகிறது என்பதால், கணினி கைமாறும் முன் வட்டு முழுவதையும் அதற்குரிய மென்பொருளால் அழிக்க வேண்டும்.