ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலம் அசல்தானா? ஒன்றரை வயதுக் குழந்தையின் சளிக்குத் தடவலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தடவாதீர்கள். மூக்கு, நெஞ்சு, தலையணை எங்கும் வேண்டாம். "எங்கள் பாட்டி தடவினார், ஒன்றும் ஆகவில்லை" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த நெடி மூக்கில் ஏறினால் குரல்வளை இறுகி மூச்சுத் திணறலாம். வலிப்பு வந்த பிள்ளைக்கு எந்த வயதிலும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. தவறிக் குடித்துவிட்டால், ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான அளவுகூட ஆபத்து. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"ஜெர்மனியில் மாத்திரையாகவே விழுங்குகிறார்களே" என்பவர்களுக்கு: அது சுத்திகரித்த சினியோல் (தைலத்தின் முக்கிய வேதிப்பொருள்), 100 அல்லது 200 மில்லிகிராம் அளந்து அடைத்த காப்ஸ்யூல். கடைப் பாட்டில் அதுவல்ல.

இனி அசலா என்பது. தெர்மாகோல் கரைந்தால் அசல் என்று கடைக்காரர் செய்து காட்டியிருப்பார். டர்பன்டைனிலும் தெர்மாகோல் கரையும், பெட்ரோலிலும் கரையும். உருப்படியான வழி எடை. சிரிஞ்சில் குமிழியில்லாமல் 10 மில்லி தண்ணீர் எடுத்து நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், வெறும் சிரிஞ்சின் எடையைக் கழித்தால் 10 கிராம் காட்ட வேண்டும். அதே சிரிஞ்சைக் காயவைத்துத் தைலம் எடுத்தால் 9.1 முதல் 9.2 கிராம் வரை வரும். டர்பன்டைன் என்றால் 8.6 பக்கம், மண்ணெண்ணெய் 8 பக்கம். தேங்காய் எண்ணெயும் ஏறக்குறைய தைலத்தின் எடைதான். அதை வெள்ளைக் காகிதம் காட்டிக்கொடுக்கும்: ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்த்தால் எண்ணெய்க் கறை நிற்கும், நல்ல தைலம் பறந்திருக்கும். இன்னொன்று, ஒரு பங்கு தைலத்தை ஐந்து பங்கு 70 சதவீத ஆல்கஹாலில் விட்டுக் குலுக்குங்கள். தெளிவாகக் கரைய வேண்டும், பால் போல் கலங்கினால் சந்தேகப்படுங்கள். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இவை எதிலும் சிக்காது, ஆய்வகம்தான் சொல்லும். ஐரோப்பிய மருந்துத் தரத்துக்குச் சினியோல் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

லேசான மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காய்ச்சும்போது அடித்தண்ணீர் வற்றிச் சருகு தீய்ந்தால்தான் தீய்ந்த வாடை வரும், அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் தைலம். இதைத் தெரிந்துகொண்டு விலையைப் பாருங்கள், பாதிச் சந்தேகம் தீரும்.

பெரியவர்கள் ஆவி பிடிக்க ஒரு சட்டி வெந்நீருக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் விட்டு, மேசைமேல் வைத்து, கண்ணை மூடி, ஐந்து நிமிடம். மடியில் வைத்துக் கவிழ்த்துக்கொண்டு வெந்துபோகிறவர்கள் உண்டு. மூக்கு திறந்தது போல் தோன்றுவதில் பாதி, குளிர்ச்சியை உணரும் நரம்பைச் சினியோல் தூண்டுவதால்தான். சளி அங்கேயே இருக்கலாம். மூட்டு, தசை வலிக்கு 10 மில்லி தேங்காய் எண்ணெயில் ஐந்து சொட்டு. நேராகத் தோலில் ஊற்றினால் எரியும்.

பாட்டிலில் விண்டர்கிரீன் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதே கடையில் அதே அளவுப் பாட்டிலில் விற்பார்கள். அது வேறு செடி, ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடக் கூடாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 1843-ல் கொண்டுவந்து, விறகுக்காக மலையெல்லாம் நட்ட ஆஸ்திரேலிய மரம்தான் இந்தத் தைலம் தரும் யூகலிப்டஸ், ஊட்டியில் கற்பூர மரம் என்பார்கள். தண்ணீரைக் குடிக்கிறது என்று கற்பூர மரத்தைத் திட்டாத ஆளில்லை, திட்டுவதிலும் நியாயமுண்டு. ஆனால் மழையில் சருகு பொறுக்கிச் சுமந்து வரும் பெண்களிடம் "ஈரம்" என்று சொல்லித் தைலம் காய்ச்சுபவர்கள் எடையில் கழிக்கிறார்களே, அதைக் கேட்க ஆளில்லை. கழித்த கிலோவிலும் தைலம் இறங்கத்தான் செய்கிறது.

வாங்கியது பிளாஸ்டிக் பாட்டில் என்றால் இன்றே பழுப்புக் கண்ணாடிக்கு மாற்றுங்கள். இருமல் சிரப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.