இந்தியா, இலங்கை எம்.டி.எஃப் இறக்குமதி: எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் பிளைவுட் கடை வைத்திருக்கிறேன். தருமபுரியில் எம்.காம். படிக்கும் என் மகள், 2005 முதல் 2023 வரை இந்தியாவும் இலங்கையும் இறக்குமதி செய்த ஃபைபர் போர்டை (மர நாரை அழுத்திச் செய்யும் பலகை; எம்.டி.எஃப் அதில் நடுத்தர அடர்த்தி வகை) ஒப்பிட்டு ப்ராஜெக்ட் செய்கிறாள். ஒரே நாட்டுக்கு, ஒரே ஆண்டுக்கு, இரண்டு வலைத்தளத்தில் இரண்டு எண் வருகிறது. எது சரி?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். நம் வணிக அமைச்சகத் தளத்தில் ஆண்டு என்றால் ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஐ.நா.வின் வர்த்தகப் புள்ளிவிவரத் தளமான காம்ட்ரேடில் ஜனவரி முதல் டிசம்பர். இலங்கைக் கணக்கும் ஜனவரியில்தான் தொடங்கும். அதனால் இரு நாட்டுக்கும் காம்ட்ரேடையே எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சுங்கத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் தரும் எண், அதாவது எச்.எஸ். கோட். ஃபைபர் போர்டுக்கு 4411. பார்ட்டிகிள் போர்டு 4410, பிளைவுட் 4412. அவற்றைக் கலந்துவிடக் கூடாது. 2007-க்கு முன் 4411-ஐ அடர்த்தி வைத்துப் பிரித்திருந்தார்கள். எம்.டி.எஃப் தனியாக, 5 எம்.எம்., 9 எம்.எம். என்று கனம் வைத்துப் பிரிந்தது அந்தக் கோட் பட்டியலின் 2007 திருத்தத்தில்தான். ஆகவே 2005-லிருந்து கோடு வரைய வேண்டுமானால் 4411 மொத்தத்தை மட்டும் வரையட்டும். எம்.டி.எஃப் மட்டும் வேண்டுமென்றால் 2007-க்குப் பிறகு தொடங்குவதே நேர்மை.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அளவு. ஒரு லோடு மாங்காயை ஒருவர் எடை போட்டுச் சொல்கிறார், இன்னொருவர் எண்ணிச் சொல்கிறார் என்றால் எப்படி ஒப்பிடுவீர்கள்? போர்டும் அப்படித்தான். கிலோ, சதுர மீட்டர், கன மீட்டர் மூன்றும் கணக்கில் வரும். உங்கள் கடையிலேயே பார்க்கலாம்: எட்டு அடிக்கு நாலு அடி, 18 எம்.எம். ஷீட் ஒன்று சுமார் 0.054 கன மீட்டர். கன மீட்டருக்கு 750 கிலோ அடர்த்தி என்று வைத்தால் எடை ஏறக்குறைய 40 கிலோ. 6 எம்.எம். ஷீட்டுக்கும் அதே சதுர மீட்டர்தான், மரம் மூன்றில் ஒரு பங்கு. எனவே எல்லாவற்றையும் கன மீட்டருக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். மாற்றும்போது எந்த அடர்த்தியை எடுத்தாள் என்பதை அட்டவணைக்குக் கீழே எழுத வேண்டும். உலக உணவு வேளாண் அமைப்பின் வனப் பொருள் புள்ளிவிவரம் கன மீட்டரிலேயே கிடைக்கும்; சரிபார்க்க அது போதும்.

பண மதிப்பை மட்டும் நம்பி முடிவு எழுதவே வேண்டாம். இலங்கையின் 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360. ஆயிரம் டாலர் போர்டு 2 லட்சத்திலிருந்து 3 லட்சத்து 60 ஆயிரம் ஆகிவிடும். கப்பலில் வந்த ஷீட் ஒன்றுகூடக் கூடியிருக்காது. அந்த ஆண்டு அங்கே வீடு கட்டுவதையே நிறுத்திவைத்த குடும்பங்கள் எத்தனையோ. ரூபாய்க் கணக்கை மட்டும் பார்ப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார். மதிப்பு வேண்டுமென்றால் டாலரில் எடுத்து, கன மீட்டருக்கு எத்தனை டாலர் என்று வகுத்துப் பார்க்கட்டும். விலை ஏறியதா, வரத்து ஏறியதா என்று பிரித்துச் சொல்ல அந்த ஒரு எண் உதவும்.

இன்னொன்று. இந்த இரு நாட்டுக் கணக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை அல்ல. 2000-லிருந்து இவற்றுக்கிடையே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் உண்டு. இந்தியா இலங்கையிலிருந்தே எம்.டி.எஃப் வாங்கியிருக்கிறது. 2009-ல் சீனா, மலேசியா, தாய்லாந்து, நியூசிலாந்து நாடுகளோடு இலங்கைச் சரக்கின் மீதும் இந்தியா ஆன்டி டம்பிங் வரி (மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) போட்டது. வரைபடத்தில் அந்த ஆண்டைக் குறித்து வைத்தால், கோடு வளைவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த வரி சாதா எம்.டி.எஃபுக்கு. தரைக்குப் போடும் லேமினேட் பலகையும் 4411-க்குள்தான் வருகிறது. மொத்தத்தை வைத்து வரியின் விளைவைப் பேசும்போது அதை நினைவில் வைக்கட்டும்.

நேரம் குறைவு என்றால், முதலில் 2015 முதல் 2023 வரை மட்டும் கன மீட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒன்பது வரிசை ஒத்துவந்த பிறகு பின்னோக்கிப் போகலாம்.