நெஞ்செரிச்சல் புற்றுநோயாகுமா?

கேள்வி: வயது 54, ஆண். பத்து வருடமாக நெஞ்செரிச்சல். மாத்திரை போட்டால் அடங்குகிறது. இது உணவுக்குழாய்ப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா?

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் பெரும்பாலானோருக்கு அப்படி ஆவதில்லை. 1999-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், வாரம் ஒருமுறையாவது எதுக்களிப்பு (வயிற்று அமிலம் மேலேறுவது) உள்ளவர்களுக்கு, அடினோகார்சினோமா என்ற வகை உணவுக்குழாய்ப் புற்றுநோயின் அபாயம் சுமார் 8 மடங்கு. மிரட்டும் எண்தான். அந்தப் புற்றுநோயே அரிது என்பதால் தனிநபருக்கான அபாயம் சிறியதே. (ஸ்குவாமஸ் என்ற இன்னொரு வகைக்குப் புகையும் மதுவும்தான் முக்கியக் காரணம், அமிலத்தின் மேல் பழி போட முடியாது.)

இடையில் ஒரு படி இருக்கிறது. அமிலமும் பித்தநீரும் திரும்பத் திரும்பப் பட்டு, உணவுக்குழாயின் அடியில் வெளிறிய உட்படலம் போய், குடலில் இருப்பது போன்ற சிவந்த படலம் வந்துவிடும். இதற்குப் பெயர் பாரெட் உணவுக்குழாய். செல்கள் புற்றை நோக்கி உருமாறத் தொடங்காத பாரெட் புற்றாவது ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. மாத்திரை எரிச்சலை அடக்கும். வந்துவிட்ட பாரெட்டை நீக்காது. அதனால் ‘எரிச்சல் இல்லையே’ என்று இருந்துவிடக் கூடாது.

ஆண், 50 வயதைத் தாண்டியவர்: அபாயத்தைக் கூட்டும் இரண்டு காரணங்கள் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. தொப்பை, புகைப்பழக்கம், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு பாரெட் அல்லது இந்தப் புற்றுநோய், இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் ஒருமுறை எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை வாய்வழி விட்டுப் பார்ப்பது) செய்துகொள்ளுங்கள். பாரெட் தெரிந்தால் 2 செ.மீ.க்கு ஒருமுறை நாலு பக்கமும் பயாப்சி (சோதனைக்கான சிறு திசுத் துண்டு) எடுக்க வேண்டும்; ஓரிரு துண்டு போதாது, உருமாறிய இடம் தப்பிவிடும். உருமாற்றம் இல்லையென்றால், படலத்தின் நீளம் 3 செ.மீ.க்குக் குறைவானால் 5 ஆண்டிலும், கூடுதலானால் 3 ஆண்டிலும் மறுபரிசோதனை.

விழுங்கும்போது சிக்கினாலோ, எடை காரணமின்றி இறங்கினாலோ, மலம் கறுத்தாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.