இது யாருடைய பங்குச்சந்தை?

வணக்கம். 2025 ஏப்ரல் 30 அன்று டிரம்ப் 'இது பைடனின் பங்குச்சந்தை, என்னுடையது அல்ல' என்று எழுதினார். ஏறினால் தன் சாதனை, இறங்கினால் முன்னவர் தலையில். சந்தை விழுந்தால் ஆட்சியாளரைக் குறை சொல்வது நியாயம்தானா?
கே.

அன்புள்ள கே.,

பெரும்பாலும் நியாயமில்லை. 2022ல், அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 19 சதவீதம் விழுந்ததும் பைடனைத் திட்டினார்கள். அந்த ஆண்டு, விலைவாசியை அடக்க, பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த வட்டியை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் டிசம்பருக்குள் 4.25-4.5 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டது. அரசுக் கடன்பத்திரமே நாலு சதவீதம் கொடுக்கும்போது, பத்து வருடம் கழித்து லாபம் பார்க்கப்போகிற கம்பெனிப் பங்கை யார் பழைய விலைக்கு வாங்குவார்கள்? தொழில்நுட்பக் கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. பைடனின் 2021 கொரோனா நிவாரணச் செலவு விலைவாசியைக் கூட்டியது என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தில் உச்சம் தொட்டது என்றால் யூரோ நாடுகளில் அது 10.6 வரை போனதே!

2025 ஏப்ரல் கதை வேறு. 2ஆம் தேதி சந்தை மூடியபின் டிரம்ப் இறக்குமதி வரிப் பட்டியலைத் தூக்கிக் காட்டினார். கணக்கு இவ்வளவுதான்: ஒரு நாட்டுடனான சரக்கு வணிகப் பற்றாக்குறையை, அங்கிருந்து வரும் இறக்குமதி மதிப்பால் வகுத்தார்கள், வந்ததில் பாதி, வரி. இலங்கைக்கு 88 சதவீதம் வந்தது, வரி 44 சதவீதம். இலங்கை உண்மையில் எவ்வளவு சுங்கம் போடுகிறது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அடுத்த இரண்டு நாளில் எஸ் அண்ட் பி 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 9ஆம் தேதி, சீனா தவிர மற்ற நாடுகளுக்குக் கூடுதல் வரியை 90 நாள் தள்ளிவைத்தார், அன்றே 9.5 சதவீதம் ஏறியது. உத்தரவு வந்ததும் விழுந்து, உத்தரவு தள்ளிப்போனதும் எழுந்த சந்தைக்கு வேறு யாரைப் பொறுப்பாக்குவது?

பங்கை மட்டும் பார்க்காதீர்கள், பத்தாண்டு அரசுப் பத்திரத்தையும் பாருங்கள். வழக்கமான சரிவில் பணம் பங்கிலிருந்து பத்திரத்துக்கு ஓடும், அதன் விலை ஏறி, வாங்குகிறவருக்குக் கிடைக்கும் வட்டி இறங்கும். அந்த வாரம் தலைகீழ்: 4 சதவீதத்துக்குக் கீழே இருந்த வட்டி சில நாளில் 4.5ஐ எட்டியது. அமெரிக்க அரசின் பத்திரத்தையே விற்றுத் தள்ளினார்கள். வரியைத் தள்ளிவைத்த அன்று, பத்திரச் சந்தையைக் கவனித்துக்கொண்டிருந்ததாக டிரம்ப்பே ஒப்புக்கொண்டார்.